நைனித்தால் ஏரியின் நீர்க்கணக்கு

நம் நாட்டின் நீர்வளத்தைப் பற்றிப் பேசும்போது கங்கை, கோதாவரி போன்ற பேராறுகளும், பக்ரா, நாகார்ஜுனசாகர் போன்ற பெரிய அணைகளுமே நினைவுக்கு வருவது இயல்பு. மலைப் பள்ளத்தாக்குகளில் காடு சூழ அமைந்துள்ள சிறிய நன்னீர் ஏரிகளின் கொள்ளளவு இவற்றோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆயினும் அவ்வேரிகளை அண்டி வாழும் மக்களுக்கு அவையே ஆறும் அணையும் ஆகும். மலை நகரங்கள் பெருகி, சுற்றுலாப் பயணிகளின் தொகை ஆண்டுதோறும் உயர்ந்து வரும் இந்நாளில், இத்தகைய ஏரிகளின் இயல்பை அறிந்துகொள்வது திட்டமிடுவோர்க்கும் பொதுமக்களுக்கும் ஒருங்கே தேவையாகிறது.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக விளங்குவது உத்தராகண்ட் மாநிலத்திலுள்ள நைனி ஏரி. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி 41,000-க்கு மேற்பட்ட மக்கள் வாழும் நைனித்தால் நகரம் குடிநீருக்கும் பிழைப்புக்கும் இவ்வேரியையே நம்பியிருக்கிறது. ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைக் கரையில் நின்று பார்க்கலாம். அந்த நீர் கோடையிலும் இருக்குமா என்பதைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளே முடிவு செய்கின்றன. இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஏரியின் புவியியலைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைவிடமும் அளவும்

இமயமலையின் வெளிவரிசைக் குன்றுகளைத் தாண்டியதும் எழும் குமாவுன் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,938 மீட்டர் உயரத்தில் நைனி ஏரி அமைந்துள்ளது. சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடத்திலுள்ள காட்கோதாம் இரயில் நிலையத்திலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் ஏறிச் சென்றால் ஏரியை அடையலாம். 'தால்' என்னும் சொல்லுக்கு ஏரி என்பது பொருள். பீம்தால், சாத்தால், நவுகுசியாதால் முதலிய வேறு ஏரிகளும் இதே மாவட்டத்தில் உள்ளன. கந்தபுராணத்தின் மானச காண்டத்தில் இவ்வேரி அத்திரி, புலத்தியர், புலகர் ஆகிய மூன்று முனிவர்களோடு தொடர்புபடுத்தப்பட்டு 'திரிரிஷி சரோவரம்' எனக் குறிக்கப்படுகிறது. ஏரியின் வட கரையில் நைனா தேவியின் கோயில் உள்ளது. சதி தேவியின் கண் வீழ்ந்த இடம் இதுவே என்பது மக்களின் நம்பிக்கை.

மாங்காய் வடிவில் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கும் இவ்வேரியின் நீளம் சுமார் 1.4 கிலோமீட்டர், அகலம் மிகுதியான இடத்தில் அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நீர்ப்பரப்பு ஏறத்தாழ 48 ஹெக்டேர். ஆழம் மிகுதியான இடத்தில் 27 மீட்டர்; சராசரி ஆழம் ஏறத்தாழ 18 மீட்டர். நீரடியில் குறுக்காக ஓடும் ஒரு மேடு ஏரியின் படுகையை இரண்டு குழிவுகளாகப் பிரிக்கிறது. வட முனையிலுள்ள நகரப் பகுதி மல்லித்தால் என்றும், தென் முனையிலுள்ளது தல்லித்தால் என்றும் வழங்கப்படுகின்றன. குமாவுனி மொழியில் 'மல்லா' என்றால் மேல். 'தல்லா' என்றால் கீழ்.

மூன்று பக்கங்களில் மலைகள் ஏரியைச் சூழ்ந்துள்ளன. வடக்கே உள்ள நைனா சிகரம் 2,600 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. கிழக்கே ஷேர்-கா-டாண்டா மலையும், மேற்கிலும் தென்மேற்கிலும் தேவபாட்டா, அயார்பாட்டா மலைகளும் நிற்கின்றன. தென்கிழக்கு மூலையில் மட்டுமே பள்ளத்தாக்கு திறந்துள்ளது. மிகுநீர் அவ்வழியே பலியா நாலா என்னும் ஓடையாக வெளியேறிக் கௌலா ஆற்றில் கலந்து, இராமகங்கை வழியாகக் கங்கையைச் சேர்கிறது. இம்மலைகளில் பெய்யும் மழையை ஏரிக்குத் தரும் நீர்ப்பிடிப்புப் பகுதியின் பரப்பு ஏறத்தாழ 5 சதுர கிலோமீட்டர் மட்டுமே. பெரிய ஆறு எதுவும் இவ்வேரியில் வந்து விழுவதில்லை. இந்தச் சிறிய கிண்ணத்தில் பெய்யும் மழையே ஏரியின் முழு வருவாய் ஆகும்.

ஏரி தோன்றிய விதம்

நைனி ஏரி எவ்வாறு தோன்றியது என்பது குறித்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறிஞர்களிடையே விவாதம் நிகழ்ந்தது. பனியாறு அரித்த பள்ளத்தில் நீர் தேங்கியது என்றனர் சிலர். மலை சரிந்து பள்ளத்தாக்கின் வாயை அடைத்தமையால் ஏரி உண்டாயிற்று என்றனர் வேறு சிலர். பின்னர் குமாவுன் இமயத்தை விரிவாக ஆராய்ந்த கே. எஸ். வல்தியா போன்ற நிலவியலறிஞர்கள், நில ஓட்டின் அசைவே முதற்காரணம் என விளக்கினர். ஏரியின் நீளவாக்கில் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒரு நிலப்பிளவு செல்கிறது. அப்பிளவின் இருபுறமும் பாறைகள் இடம்பெயர்ந்தபோது, பள்ளத்தாக்கில் ஓடிய பழைய நீரோடையின் வழி தடைப்பட்டு நீர் தேங்கியது என்பது இவ்விளக்கத்தின் சாரம்.

இவ்வரலாறு ஏட்டுக்கல்விக்கு மட்டும் உரியதன்று. பிளவின் இருபுறமும் பாறைகளின் தன்மை வேறுபட்டிருப்பதே ஏரியின் நீர்வரவையும் நகரின் பாதுகாப்பையும் இன்றளவும் நிர்ணயிக்கிறது.

இரு சரிவுகள், இரு இயல்புகள்

தென்மேற்கிலுள்ள அயார்பாட்டா மலையில் சுண்ணாம்புப் பாறையும் டோலமைட்டும் மிகுந்துள்ளன. நெடுங்காலமாக மழைநீர் கரைத்தமையால் இவற்றில் வெடிப்புகளும் பொந்துகளும் உண்டாகியுள்ளன. மேலே விழும் மழையில் பெரும்பகுதி இவ்வெடிப்புகள் வழியே உள்ளே இறங்கி, பாறையினுள் மெல்ல நகர்ந்து, பல மாதங்களுக்குப் பின்னும் ஊற்றாகக் கசிகிறது. இதனால் இம்மலையை ஏரியின் சேமிப்புக் கிடங்கு எனக் கூறலாம்.

கிழக்கிலுள்ள ஷேர்-கா-டாண்டா மலையோ நொறுங்கும் தன்மையுடைய சிலேட்டுப் பாறைகளாலும் களிப்பாறைகளாலும் ஆனது. இதன் மேல் பழைய சரிவுகளின் இடிபாடுகள் போர்வை போலப் படிந்துள்ளன. நீர் ஊறினால் இந்த இடிபாடுகளின் எடை கூடுகிறது, பிடிமானம் குறைகிறது. எனவே இச்சரிவில் நீர் தங்கினால் ஆபத்து. அங்கு விழும் மழையை முறையான வடிகால்கள் வழியே உடனுக்குடன் இறக்கிவிட வேண்டும். ஒரே ஏரியின் இரு கரைகளில், ஒரு சரிவில் நீரை ஊறவிட வேண்டும், மற்றொரு சரிவில் நீரை வடியவிட வேண்டும் என்னும் இந்த வேறுபாட்டை உணராமல் வகுக்கப்படும் எந்த நகரத் திட்டமும் பயன் தராது.

சரிவுகளின் மேல் நிற்கும் காடு இப்பணியில் பாறைக்குத் துணைபுரிகிறது. பாஞ்ச் எனப்படும் ஓக் மரமே இங்குச் சிறப்பானது. இன்னும் உயரத்தில் திலோஞ்ச் என்னும் மற்றொரு வகை ஓக் வளர்கிறது. இடையிடையே தேவதாருவும், சுராய் எனப்படும் சைப்ரஸ் மரமும், வசந்த காலத்தில் செந்நிறமாகப் பூக்கும் புரான்ஸ் மரமும் காணப்படுகின்றன. ஓக் மரங்களின் அடியில் மக்கிய இலைகள் தடித்த மெத்தையாகப் படிந்து மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. நீரை உறிஞ்சி வைத்து மண்ணுக்குள் சிறிது சிறிதாக இறக்குகின்றன. பாஞ்ச் காடு உள்ள இடத்தில் ஊற்று வற்றாது என்பது குமாவுன் கிராம மக்களின் நெடுநாளைய அனுபவ அறிவு. 'தாரா' என்னும் ஊற்றுக் குழாய்களையும், 'நவுலா' என்னும் கல் கட்டிய ஊற்றுக் கிணறுகளையும் அவர்கள் காட்டின் அடிவாரத்திலேயே அமைத்துக்கொண்டனர்.

நீரின் வரவு

நைனித்தால் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இதில் பெரும்பகுதி ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரையிலான பருவமழைக் காலத்தில் விழுகிறது. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தச் சலனங்களால் ஓரளவு மழையும், சில நாட்களில் பனியும் பெய்கின்றன.

ஒரு சிறு கணக்கு இங்குப் பயன்படும். 5 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன் மொத்த அளவு 1 கோடி கன மீட்டர் ஆகிறது. ஏரியின் கொள்ளளவோ ஏறத்தாழ 85 இலட்சம் கன மீட்டர். அதாவது, ஓராண்டில் பெய்யும் மழை முழுவதையும் சேர்த்தால் ஏரியை ஒருமுறை நிரப்பி மிஞ்சும். இந்நிலையில் ஏரியில் நீர் குறைவதேன் என்னும் கேள்வி எழுகிறது. விடை, நீர் வரும் அளவில் மட்டுமின்றி அது வரும் காலத்திலும் அடங்கியுள்ளது.

மழைநீர் ஏரியை இரு வழிகளில் அடைகிறது. ஒன்று, சரிவுகளின் மேற்பரப்பில் வழிந்து ஓடைகள் மூலம் வருவது. இது மழை பெய்த சில மணி நேரத்திலேயே வந்து சேர்கிறது. மற்றொன்று, நிலத்தினுள் இறங்கி ஊற்றுகளாகவும் கசிவாகவும் வருவது. இது வாரங்களும் மாதங்களும் கழித்து வருகிறது. ரூர்க்கியிலுள்ள தேசிய நீரியல் நிறுவனம் ஐசோடோப்பு முறையைக் கையாண்டு நடத்திய ஆய்வுகள், ஏரியின் ஆண்டு வரவில் ஏறத்தாழ பாதி இந்த நிலத்தடி வழியே வருகிறது என்று காட்டியுள்ளன. மழையற்ற மாதங்களில் இவ்வேரியை வற்றாமல் காப்பது, கண்ணுக்குத் தெரியாத இந்தப் பாதியே.

வறண்ட ஏரியின் பணி

நைனி ஏரிக்கு வடமேற்கே, சற்று உயரத்தில், சூக்காத்தால் என்னும் பள்ளம் உள்ளது. 'வறண்ட ஏரி' என்பதே அதன் பெயருக்குப் பொருள். பருவமழைக் காலத்தில் அதில் நீர் தேங்கும். மழை ஓய்ந்த பின் மெல்ல மறைந்துவிடும். ஆண்டின் பெரும்பகுதி வெற்று நிலமாகக் கிடப்பதால் அது பயனற்ற இடம் என்று கருதுவது எளிது. கட்டுமான இடிபாடுகளைக் கொட்டவும், வாகனங்களை நிறுத்தவும், கட்டடம் எழுப்பவும் அது பயன்படுத்தப்பட்டமைக்கு இக்கருத்தே காரணம்.

உண்மையில் சூக்காத்தாலில் மறையும் நீர் வீணாவதில்லை. அதன் அடியிலுள்ள பாறை வெடிப்புகள் வழியே இறங்கி, நைனி ஏரிக்குள் நிலத்தடியாக வந்து சேர்கிறது. ஏரியின் நிலத்தடி வரவில் இப்பள்ளத்திற்குக் கணிசமான பங்குண்டு என்பது நீரியல் ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. வறண்டு போவதே அதன் தொழில். வறண்டு போகாமல் அது நிரந்தரமாக நீர் நிறைந்து நிற்குமாயின், நீர் கீழே இறங்கும் வழி அடைபட்டுவிட்டது என்றே பொருள் கொள்ள வேண்டும். அழகுபடுத்தும் நோக்குடன் சூக்காத்தாலைக் கற்காரை இட்டுச் செயற்கை ஏரியாக மாற்ற மேற்கொள்ளப்பட்ட பணிக்கு 2022 நவம்பரில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இப்பள்ளத்தின் முக்கியத்துவம் அதனால் பொதுமக்களின் கவனத்தைப் பெற்றது.

நீரின் செலவு

ஏரியின் செலவினங்கள் நான்கு. முதலாவது, வெயிலாலும் காற்றாலும் ஆவியாதல். இரண்டாவது, தென்கிழக்குப் பகுதியில் நிலப்பிளவின் வழியே நிலத்தடியில் கசிந்து, கீழேயுள்ள ஊற்றுகளில் வெளிப்படுதல். மூன்றாவது, தல்லித்தாலில் உள்ள மதகுகள் வழியே மிகுநீரைத் திறந்துவிடுதல். நான்காவது, நகரின் குடிநீருக்காக எடுத்தல்.

முதல் இரண்டும் இயற்கையின் கையில் உள்ளவை. மதகுகளைப் பொறுத்தவரை, எந்த மாதத்தில் எந்த அளவு வரை நீரைத் தேக்கலாம் என்பதற்கு ஆங்கிலேயர் காலத்திலேயே விதி வகுக்கப்பட்டது. பருவமழை வலுத்திருக்கும் மாதங்களில், வெள்ளத்தைத் தாங்க இடம் வைக்கும் பொருட்டு, மட்டம் தாழ்த்தி வைக்கப்படுகிறது. மழை முடியும் தறுவாயில் அளவுகோலில் 12 அடி வரை நிரப்பப்படுகிறது. இந்த அளவுகோலில் சுழி என்பது ஏரியின் தரையைக் குறிப்பதன்று. ஒரு குறியீட்டு மட்டமே. ஆகவே 'மட்டம் சுழிக்குக் கீழ் போயிற்று' என்னும் செய்தியைப் படிப்போர், ஏரி முழுவதும் வற்றிவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. ஆயினும் அது சேமிப்பின் மேலடுக்கு முழுவதும் தீர்ந்து, கீழடுக்கில் கைவைக்கும் நிலை என்பதை மறக்கலாகாது.

குடிநீர் முன்னர் ஏரியிலிருந்து நேராக இறைக்கப்பட்டது. பின்னர் கரையோரத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைக்கப்பட்டன. ஏரி நீர் மணலும் சரளையும் கலந்த படிவுகளின் ஊடே கசிந்து இக்கிணறுகளை அடையும்போது இயற்கையாகவே வடிகட்டப்படுகிறது. தூய்மையைப் பொறுத்தவரை இது சிறந்த ஏற்பாடு. எனினும் கிணற்றிலிருந்து எடுப்பதும் பெரும்பாலும் ஏரியின் நீரே.

நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் எடுக்கப்படுவதாக ஒரு பேச்சுக்குக் கொள்வோம். அது 10,000 கன மீட்டர் ஆகும். 48 ஹெக்டேர் பரப்பில் இதனைப் பரப்பினால் ஏரி மட்டத்தில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். வரவு ஏதுமின்றி ஒரு மாதம் இவ்வாறு எடுத்தால் மட்டம் 2 அடி தாழும். மார்ச் முதல் ஜூன் வரை நகரில் பயணிகள் கூட்டம் மிகும். அதே மாதங்களில் மழை குறைவு. அப்போது இந்தச் செலவை ஈடுசெய்யக்கூடியது ஊற்று நீர் ஒன்றே.

இங்குதான் சரிவுகளின் நிலை முக்கியத்துவம் பெறுகிறது. காடு இருந்த இடத்தில் கூரையும், தளம் இட்ட முற்றமும், தார்ச்சாலையும் வரும்போது பெய்யும் மழையின் அளவு மாறுவதில்லை; அது ஏரிக்கு வரும் காலமே மாறுகிறது. மெல்ல ஊறி ஏப்ரலில் வரவேண்டிய நீர் ஆகஸ்டிலேயே ஓடைகளில் பாய்ந்து வந்துவிடுகிறது. ஆகஸ்டில் ஏரி நிறைந்திருப்பதால் அந்நீரை மதகு வழியே வெளியேற்ற நேர்கிறது. ஒரே ஆண்டில் மழைக்காலத்தில் மிகுநீரைத் திறந்துவிட்டு, கோடையில் குடிநீரைப் பங்கிடும் முரண்பாடு இவ்வாறே விளைகிறது.

நகரும் நிலச்சரிவும்

ஷாஜஹான்பூரில் சர்க்கரை வணிகம் செய்த பேரன் என்னும் ஆங்கிலேயர் 1841 இல் இவ்வேரியைக் கண்டு எழுதியதன் பின்னரே இங்கு நகரம் உருவாயிற்று. அந்நாளில் வடமேற்கு மாகாணம் எனப்பட்ட பகுதியின் கோடைக்காலத் தலைநகராகவும் இது விளங்கியது. குடியேற்றம் தொடங்கி நாற்பதாண்டுகள் கூட நிறையாத நிலையில், 1880 செப்டம்பர் 18 ஆம் நாள், இடைவிடாத பெருமழையைத் தொடர்ந்து ஷேர்-கா-டாண்டா மலையின் ஒரு பகுதி சரிந்தது. விக்டோரியா விடுதியும் நைனா தேவி கோயிலும் மண்ணில் புதைந்தன. 151 பேர் மாண்டனர். சரிந்த இடிபாடுகள் ஏரியின் வட முனையிலிருந்த சமதளத்தை விரிவாக்கின. இன்று 'பிளாட்ஸ்' என வழங்கும் விளையாட்டுத் திடல் அங்கேயே உள்ளது.

அந்நிகழ்ச்சிக்குப் பின் சரிவுகள் முழுவதும் கல் கட்டிய வடிகால் ஓடைகள் வலைபோல அமைக்கப்பட்டன. மழைநீரைச் சரிவில் ஊறவிடாமல் ஏரிக்கு இறக்கி, மலையை நிலைநிறுத்திய பெருமை இவ்வோடைகளுக்கு உண்டு. காலப்போக்கில் பல ஓடைகளின் மேலும் ஓரத்திலும் கட்டடங்கள் எழுந்தன. குப்பையும் இடிபாடும் அவற்றில் சேர்ந்தன. அடைபட்ட ஓடை தன் நீரைச் சரிவுக்குள் செலுத்துகிறது. அடைபடாத ஓடையோ தன்னிலுள்ள குப்பையையும் மண்ணையும் ஏரிக்குள் கொண்டு சேர்க்கிறது. மலை இன்னும் அடங்கிவிடவில்லை என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகளும் உள்ளன. 2018 ஆகஸ்டில் கரையோரமாகச் செல்லும் கீழ் மால் சாலையின் ஒரு பகுதி ஏரிக்குள் சரிந்தது. ஏரியின் வாயிலுக்குக் கீழே பலியா நாலா பள்ளத்தாக்கின் சரிவுகளும் அவ்வப்போது இடிந்து வருகின்றன.

ஏரிக்குள் நிகழும் பருவங்கள்

நீரின் அளவு ஒருபுறம் இருக்க, அதன் தன்மையும் கவனத்திற்குரியது. மார்ச் முதல் நவம்பர் வரை ஏரியின் மேல்நீர் வெயிலால் சூடேறி இலேசாக இருக்கும். அடிநீர் குளிர்ந்து கனமாக இருக்கும். இவ்விரு அடுக்குகளும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. காற்றிலிருந்து பெறும் பிராணவாயு மேலடுக்கிலேயே நின்றுவிடுகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேல்நீரும் குளிர்ந்து கனமாவதால் அடுக்குகள் கலைந்து நீர் முழுவதும் ஒன்று கலக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஏரி மூச்சுவிடும் பருவம் இது.

நகரின் கழிவுநீரும் குப்பையும் ஏரியை அடையத் தொடங்கியபின் இந்த இயற்கை ஒழுங்கு குலைந்தது. கழிவுகள் அடியில் படிந்து மக்கும்போது அடிநீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. பிராணவாயு அற்ற நிலையில் அடிமண்ணிலுள்ள பாஸ்பரஸ் மீண்டும் நீரில் கரைந்து பாசிக்கு உரமாகிறது. குளிர்காலத்தில் அடிநீர் மேலெழுந்து கலக்கும்போது மீன்கள் மூச்சின்றி மடிந்து மிதந்ததும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை மூச்சுவிடுவது போதாத அளவுக்கு ஏரியின் மீது சுமை ஏறிவிட்டது என்பதையே இது காட்டியது.

இதற்குப் பரிகாரமாக, 2007 இல் ஏரியின் அடியில் குழாய்கள் மூலம் அழுத்தமூட்டப்பட்ட காற்றைச் செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்தது. அடியிலிருந்து எழும் காற்றுக் குமிழிகள் நீரைக் கலக்கி, பிராணவாயு அளவை உயர்த்துகின்றன. இதனால் ஏரியின் நிலை மேம்பட்டது. ஆயினும் நோய்க்குக் காரணமான கழிவு வரத்து நிற்கும்வரை இவ்வியந்திரங்களை நிறுத்த இயலாது என்பதையும் கருத வேண்டும்.

2017 தந்த படிப்பினை

2017 ஆம் ஆண்டின் கோடையில் ஏரியின் மட்டம் நிறையளவிலிருந்து ஏறத்தாழ 18 அடி தாழ்ந்தது. ஓடைகள் ஏரியில் சேரும் இடங்களில் மண்திட்டுகள் தலைகாட்டின. நகருக்கு வழங்கும் குடிநீரின் அளவைக் குறைக்க நேர்ந்தது. குளிர்கால மழையும் பனியும் குறைந்தமை உடனடிக் காரணம் ஆயினும், ஊற்றுகள் தளர்ந்தமையே அடிப்படைக் காரணம். நன்கு ஊறிய மலை ஓர் ஆண்டின் குறைவைத் தாங்கிக்கொள்ளும். சேமிப்பு இல்லாத குடும்பத்தை ஒரு மாத வருவாய்க் குறைவே நிலைகுலையச் செய்வது போல, ஊறாத மலையால் சூழப்பட்ட ஏரி ஒரு குளிர்காலம் பொய்த்தாலே தவித்துவிடுகிறது.

மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகள்

ஏரியைக் காக்கும் முயற்சிகள் புதியவை அல்ல. நைனித்தாலின் சுற்றுச்சூழல் குறித்துத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் 1995 இல் வழங்கிய தீர்ப்பு, நகரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் வணிக வளாகங்களுக்கும் கட்டுப்பாடு விதித்தது. மத்திய அரசு 2001 இல் தொடங்கிய தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் குமாவுன் ஏரிகள் சேர்க்கப்பட்டன. அத்திட்டம் 2013 இல் சதுப்புநிலப் பாதுகாப்புத் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, நீர்வாழ் சூழல் அமைப்புகளின் பாதுகாப்புக்கான தேசியத் திட்டமாயிற்று. காற்றூட்டல், கழிவுநீர்க் குழாய் விரிவாக்கம், மீன்வளச் சீரமைப்பு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க பணிகள் நிகழ்ந்துள்ளன. 2017 நெருக்கடிக்குப் பின் ஏரியின் பராமரிப்பு பொதுப்பணித் துறையிடமிருந்து நீர்ப்பாசனத் துறைக்கு மாற்றப்பட்டது.

இவற்றுள் பெரும்பாலானவை ஏரியின் நீர்ப்பரப்பையும் கரையையும் மையமாகக் கொண்டவை. சரிவுகளில் நிகழும் மாற்றங்களோ வெவ்வேறு துறைகளின் பொறுப்பில் உள்ளன. காடு ஒரு துறையிடம், கட்டட அனுமதி வேறொரு அமைப்பிடம், குடிநீர் மற்றொன்றிடம், குப்பை நகராட்சியிடம். ஒவ்வொரு துறையும் தன் கடமையைச் செவ்வனே செய்தாலும், மழைத்துளி ஒன்று மலையுச்சியிலிருந்து குழாய் வரை செல்லும் வழியை முழுமையாகக் கணக்கிடுவார் எவருமிலர்.

பொருளாதார நோக்கில்

பொருளியல் முறையில் நோக்கினால், நைனி ஏரியின் நீரை முதல் என்றும், ஆண்டுதோறும் ஊறிவரும் நீரை அதன் வட்டி என்றும் கொள்ளலாம். வட்டியளவில் செலவிடும்வரை முதல் குறையாது. பயணிகள் பெருகப் பெருகச் செலவு கூடுகிறது. அவர்களுக்காக எழும் கட்டடங்களால் வட்டி வீதம் குறைகிறது. வருவாய் தரும் தொழிலே தன் மூலதனத்தை அரிக்கும் நிலை இது.

சரிவில் ஒரு விடுதி கட்டுவோர் பெறும் ஆதாயம் அவருக்கே உரியது. அதனால் ஊற்று தளர்வதும், ஓடை அடைபடுவதும், கோடையில் குடிநீர் குறைவதும் ஊர் முழுவதற்கும் உரிய செலவாகின்றன. இச்செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. கழிவுநீர்க் குழாய்க்கும், காற்றூட்டும் இயந்திரத்திற்கும், சரிவைத் தாங்கும் சுவருக்கும் பின்னர் பொதுப்பணத்திலிருந்து செலவிடும்போதே அது வெளிப்படுகிறது. ஓர் ஓக் மரச்சோலையோ, சூக்காத்தால் போன்ற வெற்றுப் பள்ளமோ பணம் ஏதும் கேளாமல் செய்துவந்த வேலையை இயந்திரங்களைக் கொண்டு செய்விக்க எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிட்டால், அவற்றின் உண்மையான விலை புலப்படும்.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, 5 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் ஒரே திட்டமிடும் அலகாகக் கொண்டு, எல்லாத் துறைகளும் ஒரே நீர்க்கணக்கின் அடிப்படையில் செயற்பட வேண்டும். இவ்வளவு சிறிய பரப்பில் இது இயலாத செயலன்று.

இரண்டாவதாக, சூக்காத்தாலையும் அயார்பாட்டாச் சரிவிலுள்ள ஊறுநிலங்களையும் கட்டடமும் கற்காரையும் தீண்டாத பகுதிகளாகப் பேணுதல் வேண்டும்.

மூன்றாவதாக, ஷேர்-கா-டாண்டாச் சரிவின் பழைய வடிகால் ஓடைகளை ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் தூர்வாரி, அவற்றின் மேலுள்ள ஆக்கிரமிப்புகளை நீக்க வேண்டும். ஏரிக்குள் சேரும் இடத்தில் மண்ணையும் குப்பையையும் தடுத்து நிறுத்தும் தொட்டிகளைப் பராமரிக்க வேண்டும்.

நான்காவதாக, கோடையில் எடுக்கும் நீருக்கு, அவ்வாண்டின் ஊற்று வரவைப் பொறுத்து, முன்கூட்டியே வரம்பு வகுக்க வேண்டும். பெரிய விடுதிகள் தம் கூரைகளில் விழும் மழைநீரைச் சேமித்துக் கழிப்பறை முதலிய தேவைகளுக்குப் பயன்படுத்தினால் ஏரியின் சுமை குறையும்.

ஐந்தாவதாக, ஏரி மட்டம், ஊற்றுகளின் பாய்வு, மழையளவு, குடிநீர் எடுப்பு ஆகிய நான்கும் ஒரே பலகையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். தம் ஊரின் நீர்க்கணக்கை அறிந்த மக்களே அதனைக் காக்கவும் முன்வருவர்.

நைனி ஏரியின் நிலை அதற்கு மட்டும் உரியதன்று. மலைநாடுகளில் வளர்ந்துவரும் நகரங்கள் பலவும் இவ்வாறே ஓர் ஏரியையோ ஊற்றையோ சார்ந்துள்ளன. 48 ஹெக்டேர் நீரைக் காக்க அதைச் சுற்றியுள்ள 5 சதுர கிலோமீட்டர் நிலத்தைக் காக்க வேண்டும் என்னும் எளிய விகிதத்தை நைனித்தால் நமக்குக் கற்பிக்கிறது. மழை வழக்கம்போல் பெய்துகொண்டிருக்கும். அதனைக் கோடை வரை வைத்திருப்பதா, ஆகஸ்டிலேயே மதகு வழியே அனுப்பிவிடுவதா என்பது சரிவுகளில் நாம் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது.